ரஷ்யாவின் மணிக்கூண்டுகளும் கணபதி பவுண்டரியும்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியதை ஏறக்குறையப் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன். மேடையில் நேரமில்லாமல் விட்ட சில விவரங்களை இங்கே சேர்த்துள்ளேன்.)



"தொழிலில் முன்னேறுவது எப்படி" என்று பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். அதைப் பேச இந்த அரங்கத்திலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு நான் இன்னும் பில் பாக்கி தரவேண்டும். ஆகவே அந்தத் தலைப்பு வேண்டாங்க, ரஷ்யாவுக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன் என்றேன். சுற்றுலாக் கதை என்று நினைத்து ஒப்புக்கொண்டார். இது ஒரு மணியின் கதை.

கணபதியில் எங்கள் அய்யன் காலத்திலிருந்து ஒரு சின்ன பவுண்டரி வைத்திருக்கிறோம். பம்பு பாடி, மூடி, புஷ், அப்புறம் நூற்பு மில் உதிரி பாகங்கள். டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தால் சாயந்திரம் எங்கள் குப்போலாவின் புகை தெரியும் என்பார்கள். 2009ல் குப்போலாவை நிறுத்திவிட்டு மின்சார உலை போட்டேன். கையால் மோல்டிங் போடுவதை விட்டு மெஷினுக்கு மாறினேன். அய்யன் காலத்து மோல்டர் ஒருவர் இருந்தார், மேஸ்திரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருக்குக் கணக்கு முடித்து, ஒரு மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினேன். சரியாகச் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைப்பு.

2017ல் அன்னூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயில் மணியில் விரிசல் விட்டது. பங்காளிகள் கூடி, "நீதான் பவுண்டரி வெச்சிருக்கறயே, ஊத்திக் குடு" என்றார்கள். இதென்ன பிரமாதம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். பழைய மணியை அளவெடுத்து பேட்டர்ன் செய்து, வழக்கமான பச்சை மணலில் மோல்டு போட்டு, பட்டறையில் கிடந்த பழைய வெண்கல புஷ், இம்பெல்லர் எல்லாவற்றையும் உருக்கி ஊற்றினேன். பார்வைக்கு லட்சணமாக இருந்தது. கோயிலில் கட்டி அடித்தால் 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் பெரியப்பா ஒருவர், "ஏம்ப்பா, மணி ஊத்தச் சொன்னா சட்டி ஊத்தியிருக்கறயே" என்றார். இன்று வரை பங்காளிகள் மத்தியில் எனக்கு அந்தப் பேர்தான்.

(மணி சட்டியானதும் உண்டு. நியூசிலாந்தில் மவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு வெண்கலத் துண்டை 1836 வாக்கில் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தார். தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கப்பல் மணியின் மேல்பகுதி அது. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.)

இந்த அவமானம் ஆறுவதற்குள், 2018 செப்டம்பரில் வியாபார வேலையாக மாஸ்கோ போக வேண்டி வந்தது. வேலை மூன்றே நாள். என் மனைவியும் வந்திருந்ததால் எட்டு நாள் சேர்த்துக்கொண்டோம். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த திருப்பூர்ப் பையன் ஒருவன் மொழிபெயர்க்கக் கூட வந்தான். மாஸ்கோவுக்கு வடகிழக்கே வட்டமாக அமைந்த பழைய ஊர்களைத் 'தங்க வளையம்' என்கிறார்கள். பெயர்தான் பழையது போலத் தோன்றும். 1967ல் ஒரு பத்திரிகையாளர் வைத்த பெயர் அது.

என் வயதுக்காரர்களுக்கு ரஷ்யா என்றால் 'சோவியத் நாடு' பத்திரிகை. அந்த வழுவழு தாளில் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடாதவர்கள் இங்கே கை தூக்குங்கள் பார்க்கலாம். என் அட்டைகளில் எல்லாம் டிராக்டரும் அணைக்கட்டும் விண்வெளி வீரரும்தான். கோயில் ஒன்றுகூட வந்ததாக ஞாபகமில்லை.

கிரெம்ளின் கோட்டைக்குள் தரையில் உட்கார்ந்திருக்கிறது 'ஜார் மணி'. எடை சுமார் 202 டன், உயரம் ஆறு மீட்டருக்கு மேல். இவான் மொத்தோரின் என்ற வார்ப்பாளர் தொடங்கினார். 1734ல் முதல் முயற்சி தோற்றது. அடுத்த வருடம் அவர் இறந்துபோக, மகன் மிகயீல் 1735 நவம்பரில் ஊற்றி முடித்தார். குழியிலிருந்து தூக்குவதற்குள் 1737ல் பெரும் தீ. மேலே போட்டிருந்த மரச்சாரம் எரிந்து விழுந்து, மணி வெடித்து, பதினொன்றரை டன் துண்டு ஒன்று தனியாக வந்துவிட்டது. நூறு வருடம் குழியிலேயே கிடந்து 1836ல்தான் மேலே வந்தது. ஒரு தடவைகூட அடிக்கப்படாத மணி. சுற்றி நின்று எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நான் அந்த உடைந்த வாயில் தெரிந்த கனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி, "இவரும் உங்களாட்டம்தான்" என்றாள்.

அங்கிருந்து மின்ரயிலில் ஒன்றரை மணி நேரம், செர்கியேவ் பொசாத். 1930 முதல் 1991 வரை அந்த ஊருக்குப் பெயர் சகோர்ஸ்க். செர்கி என்ற துறவி பதினான்காம் நூற்றாண்டில் காட்டுக்குள் தொடங்கிய மடம்தான் இன்றைக்கு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் மிகப் பெரிய மடம். 1422ல் தொடங்கிக் கட்டிய வெள்ளைக்கல் கோயிலுக்குள் அவருடைய சமாதி. வரிசை நம்ம மருதமலை தைப்பூசம் போல. உள்ளே நாற்காலி, பெஞ்சு எதுவும் கிடையாது. எல்லாரும் நின்றுகொண்டேதான் கும்பிடுகிறார்கள். பெண்கள் தலையை மூடவேண்டும். என் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அது நழுவியபோது பக்கத்தில் நின்ற ஒரு கிழவி தன் கையாலேயே சரிசெய்துவிட்டு, கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். வெளியே வந்தால் ஊற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம். கறி, முட்டை, பால் எதுவும் கூடாது. எங்களுக்குப் புரட்டாசி தொடங்கியிருந்த சமயம், சாப்பாட்டுக்குக் கவலையில்லாமல் போயிற்று.

அந்த மடத்தின் மணிக்கூண்டு 88 மீட்டர். அதைப் பற்றிப் பையன் விசாரித்துச் சொன்ன செய்திதான் இந்தப் பயணத்தை எனக்கு வேறாக்கியது. 1930 ஜனவரியில் அந்தக் கூண்டிலிருந்து பெரிய மணிகளைத் தள்ளிவிட்டு உடைத்து உருக்கினார்கள். அதில் ஒன்று 64 டன். தொழிற்சாலைக்குச் செம்பு வேண்டும் என்பது காரணம், மதத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் காரணம். பிரிஷ்வின் என்ற எழுத்தாளர் அந்த ஊரிலேயே குடியிருந்தவர், கேமராவை எடுத்துக்கொண்டு போய் அதை நாள் நாளாகப் படம் பிடித்து வைத்தார். நாடு முழுக்க இதுதான் நடந்தது. ஆயுதத்துக்காகக் கோயில் மணியை உருக்குவது அங்கே பழைய வழக்கம்தான். மகா பீட்டரும் 1700ல் நார்வாவில் தோற்ற பிறகு மணிகளை வாங்கிப் பீரங்கி ஊற்றியவர். ஆனால் அப்போது வார்ப்பாளர்கள் இருந்தார்கள், திரும்ப மணி ஊற்றினார்கள். இந்தத் தடவை மணியோடு பட்டறையும் போயிற்று. அறுபது வருடம் யாரும் பெரிய மணி ஊற்றவில்லை. இப்போது அதே கூண்டில் 72 டன் மணி தொங்குகிறது, 2004ல் ஏற்றியது. நடுவில் அந்தத் தொழிலை எங்கிருந்து பிடித்தார்கள்? எனக்கு அதுதான் கேள்வியாகிவிட்டது. பையனிடம், "தம்பி, மணி ஊத்தற பட்டறை எங்காவது இருந்தா பாக்கோணும்" என்றேன். ஓவியம் பார்க்க வந்த இடத்தில் இவர் பட்டறை கேட்கிறாரே என்று அவன் முழித்தான்.

பட்டறைக்கு முன் ரஸ்தோவ். இந்த ஊரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரோ என்ற ஏரிக்கரையில் வெள்ளைச் சுவர்க் கோட்டை. அங்கே மணிக்கூண்டு கோபுரம் மாதிரி உயரமாக இல்லை. வளைவுகள் வைத்த ஒரு கனத்த சுவர் மாதிரி நீளமாக இருக்கிறது. மணிகள் பக்கம் பக்கமாகத் தொங்குவதால் அடிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அடிக்கலாம். இயோனா என்ற மடாதிபதி 1680களில் ஊற்ற வைத்தவை. பெரிய மணி 32 டன், அதற்குத் தன் அப்பா சிசோய் பெயரை வைத்தார். அடுத்தது 16 டன். அதற்கடுத்தது 8 டன், பெயர் 'அன்னம்'. பாதி, பாதியில் பாதி. மூன்றும் சேர்ந்து அடித்தால் சங்கீதக்காரர்கள் ச-க-ப என்பார்களே, அந்த இணக்கம் வருகிறது. லேத்தில் போட்டுச் சுரம் சேர்க்கவில்லை. ஊற்றியது ஊற்றியபடி. பூமி அதிர்ந்தது என்று கதைகளில் எழுதுவார்கள், அப்படி இல்லை. காலடிச் செருப்பு வழியாக ஏறி வயிற்றுக்குள் வந்து நின்றது. காற்று வாகாக இருந்தால் 18 கிலோமீட்டர் கேட்குமாம். கணபதியில் அடித்தால் கோவில்பாளையம் தாண்டிக் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு நாட்டில் மணியையே ஊஞ்சல் போல ஆட்டுவார்கள். இங்கே மணி அசையாது. நாக்கைத்தான் கயிறு கட்டி இழுக்கிறார்கள். சிசோயின் நாக்கை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். ஆர்த்தடாக்ஸ் கோயிலில் வாத்தியம் எதுவும் கிடையாது, குரல் மட்டும்தான். அதனால் அவர்களுக்கு மணிதான் நாதஸ்வரம், மணிதான் தவில்.

கோட்டை அருங்காட்சியகமாக இருந்ததால் இந்த மணிகள் தப்பின. ஆனால் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். 1960களில் யாருக்கோ புத்தி வந்து, உயிரோடு மிச்சமிருந்த பழைய மணியடிப்பவர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து அடிக்கச் சொல்லி, இசைத்தட்டாகப் பதிவு செய்தார்கள். இன்றைக்கு அங்கே அடிக்கிறவர்களுக்கு அந்தக் கிழவர்களின் கைதான் பாடம்.

உக்லிச் மணியின் கதையையும் அங்கேதான் கேட்டேன். 1591ல் இளவரசன் திமீத்ரி இறந்தபோது அந்த மணியை அடித்து ஊரைக் கூட்டினார்கள், கலவரமாகிவிட்டது. அரசாங்கம் மணிக்குத் தண்டனை கொடுத்தது. நாக்கைப் பிடுங்கி, தொங்கவிடும் காதை வெட்டி, சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1892ல்தான் ஊர் திரும்பியது. முந்நூறு வருட தண்டனை. நம்ம ஊர்க் கோர்ட்டே பரவாயில்லை.

அடுத்து யாரோஸ்லாவ். அங்கிருந்து வோல்கா ஆற்றோரமாகத் துத்தாயெவ் என்ற சிற்றூர். ஊர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது, நடுவில் பாலம் இல்லை. அங்கே ஒரு மணிப் பட்டறை. உள்ளே நுழைந்ததும் வாசனையிலேயே எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. காய்ந்த களிமண், கரி, சூடு. மூத்த வார்ப்பாளர் ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைத் தழும்பைத் தொட்டுக் காட்டித் தன் கையையும் காட்டினார். அதற்கப்புறம் பையனுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

என் குலதெய்வத்து மணியைப் பற்றிச் சொன்னேன். என்ன உலோகம் என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். மணி வெண்கலம் என்றால் நூறு கிலோவுக்கு 80 செம்பு, 20 வெள்ளீயம். நாம் பம்புக்கு ஊற்றும் கன்மெட்டலில் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. பழைய புஷ்ஷில் காரீயமும் இருக்கும். பேரிங்குக்குக் காரீயம் நல்லது, வழுக்கிக்கொடுக்கும். மணிக்கு அதுதான் எமன், அதிர்வை விழுங்கிவிடும். அடுத்து, ஈர மணல். ஈரம் ஆவியாகி உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துளை விடும். மோல்டு எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். பழைய நாளில் களிமண்ணும் குதிரைச் சாணமும் பிசைந்து பூசிப் பூசி, ஒவ்வொரு பூச்சாகச் சுட்டுக் காய வைத்தார்களாம். வெள்ளியைப் போட்டால் ஓசை இனிக்கும் என்று அங்கேயும் நம்பிக்கை உண்டு. நம்ம ஊரில் ஐம்பொன் ஊற்றும்போது தாய்மார்கள் தோட்டைக் கழற்றிப் போடுகிற மாதிரி. வெள்ளியால் ஓசைக்கு லாபம் இல்லை என்றார். போடுகிறவர் மனசுக்கு லாபம், அதை யார் தடுப்பது.

இன்னொன்றும் சொன்னார். மணி ஊற்றும் நாளில் ஊருக்குள் ஒரு பெரிய புளுகைக் கட்டிவிடுவார்களாம். புளுகு எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு தூரம் மணி கேட்கும் என்று ஐதீகம். 'மணி ஊற்றுகிறான்' என்றால் ரஷ்ய மொழியில் கதை விடுகிறான் என்று அர்த்தம்.

என் கேள்வியைக் கேட்டேன். அறுபது வருடம் விட்டுப்போனதை எப்படிப் பிடித்தீர்கள்? அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தின் நகலை எடுத்தார். யாரோஸ்லாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து புரட்சிக் காலம் வரை ஒலொவ்யானிஷ்னிக்கோவ் குடும்பம் பெரிய மணி வார்ப்பாலை நடத்தியது. அந்தக் குடும்பத்தவர் எழுதிய மணி வரலாறு, 1912 பதிப்பு. அதைப் படித்தோம், தப்பிய மணிகளைப் போய் அளந்தோம், ஊற்றினோம், உடைத்தோம், மறுபடி ஊற்றினோம் என்றார். சரி, புத்தகம் இருந்ததே என்றேன். அவர் சொன்னதைப் பையன் மொழிபெயர்த்தபடியே சொல்கிறேன்: "புத்தகத்தில் மண் பதமாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பதம் என்றால் என்ன என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு எங்களுக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று."

அப்புறம் பார்த்த ஊர்களை எல்லாம் எனக்குச் சரியாகப் பார்த்த மாதிரி இல்லை. இவானவோவை 'ரஷ்யாவின் மான்செஸ்டர்' என்பார்கள். கோவைக்காரன் அங்கே போகாமல் வரமுடியுமா? அச்சடித்த பருத்தித் துணிக்கு அங்கே ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. அந்தத் துணிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'சீத்தெட்ஸ்', நம்ம சீட்டித்துணியின் சொந்தக்காரப் பெயர்தான். சூஸ்தல் மிக அழகான ஊர். ரயில் பாதை ஒதுங்கிப் போனதால் பழமை மாறாமல் தப்பிய ஊர், வெள்ளரிக்காய்க்குப் பேர் போனது. விளாதிமிரில் 1158ல் தொடங்கிக் கட்டிய பெரிய கோயில், உள்ளே ருப்லேவ் 1408ல் தீட்டிய சுவரோவியம். மாஸ்கோ கிரெம்ளினில் கோயில் கட்ட 1475ல் இத்தாலியிலிருந்து ஃபியொரவந்தி என்ற பொறியாளரை அழைத்தபோது, முதலில் விளாதிமிர் போய்ப் பழைய கோயிலைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்களாம். அவரும் மறுக்காமல் போய்ப் பார்த்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு மேஸ்திரி ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பியதும் நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அதுவும் மணி ஊற்றுவதுதான். நான் போகவில்லை. ஆர்டர், ஜிஎஸ்டி, 2020ல் கொரோனா, மகள் கல்யாணம். போன வருஷம்தான் போனேன். 1950களில் பட்டறைக்கு வந்தவர், எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது. ஒரு கண் தெரியவில்லை, காதும் மந்தம். நான் கொடுத்த கடிகாரம் சுவரில் நின்றுபோயிருந்தது.

"வாங்க தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

"மேஸ்திரி, கோயிலுக்கு மணி ஊத்தோணும். ஒருக்கா ஊத்தினேன், பேசலை."

"எதுல போட்டீங்க?"

"பச்சை மணல்லங்க. பழைய புஷ்ஷை உருக்கி."

சிரித்தார். "காரீயம் இருக்குமே தம்பி. வெள்ளீயம் பேசும், காரீயம் பேசாது. உங்க தாத்தன் காலத்துல எங்கப்பன் ஊத்துன மணிங்க அது. நான் மண்ணு மிதிச்சுக் குடுத்தேன். குளத்து வண்டல், கருக்குன உமி, சாணிப்பால்."

ஆயிரக்கணக்கான மைல் போய் ஒரு ரஷ்யக்காரரிடம் கேட்டுவந்த விஷயம். எங்கள் பட்டறையில் முப்பது வருடம் எனக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது.

"இதை ஏனுங்க மேஸ்திரி எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே."

அதிலிருந்து வாரத்தில் ஒருநாள் காரில் கூட்டிவருகிறோம். மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார், நான் பிசைவேன். மூன்று கிலோவில் முதல் மணி ஊற்றினோம், வெடித்துவிட்டது. இரண்டாவது பேசியது, கொஞ்சம் கரகரப்பாக. காது கேட்காததால் அவர் மணியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இன்னொரு பூச்சு வேணும்" என்றார். கோயில் மணி நாற்பது கிலோ. அதை இன்னும் ஊற்றவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது இதுதான். அவர் 'கைக்கு ஒட்டாத பதம்' என்கிறார். அந்தப் பதத்தில் ஈரம் நூற்றுக்கு எத்தனை, உமி எத்தனை பங்கு, எத்தனை மணி நேரம் சுட வேண்டும் என்று அளந்து எழுத எனக்கு இரண்டு பேர் வேண்டும். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்றில்லை, சிவில் பிள்ளைகளுக்கு மண் இன்னும் நன்றாகத் தெரியும். உங்கள் ஆய்வகத்துத் தராசையும் சல்லடையையும் கேட்டு வாங்கி வாருங்கள். பேராசிரியர்களிடம் நான் பேசிவிட்டேன். சனிக்கிழமைதோறும், அத்திப்பாளையம் பிரிவிலிருந்து கூட்டிப்போக வண்டி வரும். பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் சத்தமாகப் பேசுங்கள். காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும், வெயில் ஏறிய பிறகு அவர் மண்ணைத் தொடமாட்டார்.